மாடிக்குக் கப்பல் வந்த வெள்ளிக்கிழமை

2018 டிசம்பர் 28, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ‘ஓட்டிலியா’ என்ற சொகுசுக் கப்பல் நூற்று இருபத்தாறு பயணிகளோடு வெய்டன்ஷ்டைன் ஊருக்குள் வந்து, தங்கக் கெண்டை விடுதியின் மாடி ஜன்னலை ஒட்டி நின்றது. அன்று டான்யூப் ஆறு கரைக்கு நான்கு மீட்டர் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஒரு சொட்டு வெள்ளமும் இல்லை. வானம் மேகமூட்டம், காற்று மேற்கிலிருந்து, பத்து முட்டை மூன்று யூரோ இருபது. இதெல்லாம் ஊர்க் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. குறிப்பேடு எழுதுவது என் வேலை, அதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வருவது கப்பல் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதில். நான்காம் எண் எழுதிய மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது பேரை இழுத்துக்கொண்டு போகிறவனை நீங்கள் படித்துறையில் பார்த்திருந்தால், அது நான்தான்.

கப்பல்கள் எங்கள் ஊரில் மூன்று மணி நேரம் நிற்கும். பயணிகளுக்கு எட்டு நாளில் நான்கு நாடு. காலையில் ஒரு மடாலயம், மத்தியானம் ஒரு கோட்டை, சாயங்காலம் ஒயின். எந்தத் தேவாலயத்தை எந்த ஊரில் பார்த்தோம் என்பது மூன்றாம் நாளே குழம்பிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்களுக்கும் எந்தக் கப்பல் எது என்று தெரியாது. ஆனால் தங்கக் கெண்டை விடுதியின் சுவரை மட்டும் எல்லோரும் படம் பிடிப்பார்கள். அந்தச் சுவரில் ஐந்நூறு வருஷத்து வெள்ளக் குறிகள் இருக்கின்றன. தண்ணீர் எதுவரை ஏறியதோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் ஆண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில், மாடி ஜன்னலுக்கு ஒரு கை நீளம் கீழே, 1501. வெள்ளம் வடிந்ததும் கல்தச்சர் வந்து கோட்டையும் ஆண்டையும் வெட்டுவார். சேறு முழுக்க அள்ளி முடித்தபிறகு வீட்டுக்காரர் அந்த எழுத்தில் சிவப்பு வண்ணம் நிரப்புவார். வண்ணம் ஏறினால்தான் அந்த வெள்ளம் போய்விட்டது என்று எங்கள் ஊரில் அர்த்தம். ஒருமுறை ஒரு அம்மாள் என்னிடம், “தம்பி, வெள்ளம் எத்தனை மணிக்கு? அதையும் பாத்துட்டே போயிடலாமே?” என்று கேட்டார். சிரிக்காமல் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

விடுதியின் சொந்தக்காரி கிரெசென்ஸியா. ஸென்ஸி என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவளும் நானும் கல்தச்சன் இக்னாஸும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஸென்ஸியின் புருஷன் அல்போன்ஸ், வீட்டைச் சூடாக்கும் கணப்பு கட்டுகிறவன். விடுதியின் கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்குப் பச்சை ஓடு பதித்த பெரிய கணப்பு ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அதன் பெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. 2013 ஜூன் வெள்ளத்தில் அதன் உள்ளே இருந்த களிமண் கரைந்து, கணப்பு சரிந்து சேற்றோடு சேறாய்க் கிடந்தது. அல்போன்ஸ் கோடை முழுவதும் சேற்றைக் கையால் துழாவி இருநூற்றுப் பதினான்கு ஓடுகளையும் எடுத்து, கழுவி, திரும்பக் கட்டினான். அக்டோபரில் முதல் தீ மூட்டினார்கள். நவம்பரில் ஒரு காலை விறகு வைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அந்தக் கணப்புதான் அவன் கை கடைசியாகச் செய்த வேலை. ஸென்ஸி அதைத் தினமும் துடைப்பாள், சில சமயம் அதனோடு பேசவும் செய்வாள். அதை நாங்கள் யாரும் கேலி செய்ததில்லை.

2018 ஏப்ரலில் கப்பல் கம்பெனி ஒன்று, மங்கிப்போன குறிகளைப் புதுப்பித்தால் படத்தில் தெளிவாக விழும் என்று ஊராட்சிக்கு எழுதியது. இக்னாஸை அழைத்தார்கள். இக்னாஸ் நல்ல வேலைக்காரன், ஆனால் எங்கள் ஊரில் கல்தச்சனுக்கு முக்கால்வாசி வேலை கல்லறைக்கல்தான். ஏணியில் ஏறி எல்லாக் குறியையும் ஒழுங்காக ஆழப்படுத்தினான். மழுங்கிப் போயிருந்த உச்சிக் குறியைச் சமமாகச் செதுக்கிவிட்டுப் புதிதாய் வெட்டினான். நான் கீழே முப்பது பேரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் ஸென்ஸி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“ஏன்டா இக்னாஸ், கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு? என்ன வருஷம்டா அது?”

இக்னாஸ் ஏணியிலிருந்தபடியே படித்துப் பார்த்தான். “இந்த வருஷம்” என்றான்.

“அதத்தான் கேக்குறேன். ஆயிரத்து ஐநூத்தி ஒண்ணு எங்க?”

“கைப்பழக்கம் ஸென்ஸி. காலைல மூணு கல்லறைக்கல்லு வெட்டிட்டு நேரா இங்க வந்தேன். சாவுறவங்க எல்லாம் இந்த வருஷந்தானே சாவுறாங்க.”

சுவரின் உச்சியில், மாடிக்குக் கீழே, 2018 என்று அழகாக இருந்தது. எழுத்தில் குறை சொல்ல முடியாது.

வெளியூர்க்காரர்கள் இதைச் சிமெண்டு பூசி மறைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் வெட்டிய குறியை அழிப்பதில்லை. 1842-ல் ஒரு ரொட்டிக்கடைக்காரர், பெண் பார்க்க வருகிற சம்பந்தி பயந்துவிடக் கூடாதென்று, தன் வாசலுக்கு மேலிருந்த குறியைச் செதுக்கி எடுத்தார். ஒன்பதாம் நாள் ஆறு அதைத் தேடிக்கொண்டு வந்தது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் கால் வைக்காமல் அவர் வீட்டுக்குள் மட்டும் நுழைந்து, குறி இருந்த இடம்வரை ஏறிப் பார்த்துவிட்டு, சம்பந்தியின் தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பியது. கல்யாணம் நடக்கவில்லை. ஆகவே ஊராட்சியில் புதுக்குறியை அழிக்கலாமா என்று ஓட்டெடுத்தபோது, வேண்டாம் என்று ஒன்பது பேர், வேண்டும் என்று நான்கு பேர். பாதிரியாரைக் கேட்டார்கள். “கல்லுக்கு ஞானஸ்நானம் வேணா கொடுக்கறேன். ஆத்துக்கிட்ட என்னைய மாட்டி விடாதீங்க” என்றுவிட்டார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. எங்களுக்கு மணியோசை கேட்டுவிட்டது. டிசம்பர் 31-க்குள் யானை வந்தாக வேண்டும்.

ஸென்ஸி இக்னாஸை அன்றே விடுதியை விட்டு விலக்கி வைத்தாள். அந்த வருஷம் முடிகிறவரை அவனுக்கு அங்கே ஒரு கரண்டி சூப் கிடையாது, வாசற்படி மிதிக்கவும் கூடாது. மனைவி இல்லாதவன், முப்பது வருஷமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவனும் எதிர்த்துப் பேசவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்கு விடுதி வாசலுக்கு எதிரே லிண்டன் மரத்தடியில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் போவான். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் ஊரில் யாரும் அவனுக்காகப் பேசவில்லை.

மே மாதத்துக்குள் ஊர் தயாராகிவிட்டது. தீயணைப்புப் படைத் தலைவர் ஓட்டோகர் ஆறடி நாலங்குலம், பாதி ஊருக்குச் சித்தப்பா முறை. தன் ஆட்களை வைத்து ஆற்றோரம் அலுமினியப் பலகைச் சுவரை எழுப்பினார். முழுக்க எழுப்பினாலும் அது புதுக்குறிக்கு இரண்டு மீட்டர் கீழேதான். “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. இருந்தாலும் போட்டு வைப்போம், சும்மா இருந்தா கை அரிக்குது” என்றார். ஸென்ஸி கதவுகளைக் கழற்றினாள். சக்கரம் வைத்த அடுப்பு, மேஜை, நாற்காலி, ஒயின் பீப்பாய், சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பு எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினாள். வெள்ளக்கரை வீடுகளில் எல்லாப் பொருளும் மாடி ஏறுகிற மாதிரிதான் செய்திருக்கும். கணப்பு மட்டும் ஏறாது. பிரித்தால் திரும்பக் கட்ட அல்போன்ஸ் இல்லை, ஓடுகளுக்கு அவன் எண்ணும் போட்டு வைக்கவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஆற்றோரம் இருப்பவர்கள் வீட்டை ஒப்படைத்துவிட்டு மேட்டுக்குக் குடிபோனால் மாநில அரசு அதற்கு ஈடு கொடுக்கும், வீட்டை இடித்துத் தரையாக்கிவிடும். ஸென்ஸிக்கு வந்த காகிதத்தில் கடைசி நாள் அந்த வருஷ முடிவு. வெள்ளம் வந்தால் கணப்பு கரைந்து போகும், கையெழுத்துப் போட்டால் வீட்டோடு போகும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எட்டு மாசம் கிடந்தாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “வெள்ளம் வராதுன்னு யாராச்சும் சத்தியம் பண்ணா இங்கயே கெடந்துடுவேன். ஆனா இன்னொரு தடவ அந்தக் கணப்பு சேத்துல கெடக்கறத என்னால பாக்க முடியாது. அதுக்கு எவனோ எந்திரத்த வெச்சு இடிக்கட்டும், நான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்காம போயிடறேன்.” நான் ஊர்க் குறிப்பேட்டுக்காரன், சத்தியம் பண்ணும் அதிகாரம் எனக்கில்லை.

அந்தக் கோடையில் மழை பெய்யவில்லை. ஆகஸ்டில் ஆறு சுருங்கிப் பாறை தெரிந்தது. கப்பல்கள் நகர முடியாமல் நின்றன. பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்து, தண்ணீர் வற்றிய இடத்தைத் தாண்டி மறுபக்கம் நின்ற இன்னொரு கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அதே அறை எண், அதே மெத்தை, தலையணைமேல் அதே சாக்லேட். சிலருக்குக் கப்பல் மாறியதே தெரியவில்லை. ‘ஓட்டிலியா’வின் கேப்டன் ஸிலார்ட், ஹங்கேரிக்காரர், முப்பது வருஷமாக இந்த ஆற்றில் ஓட்டுகிறவர். கப்பல் நின்ற நாட்களில் ஸென்ஸியின் மாடிக்கு வந்து சாப்பிடுவார்.

“அம்மா, இந்த வருஷம் வெள்ளமாவது ஒண்ணாவது. இருக்கிற தண்ணி மீனுக்கே பத்தல” என்றார்.

“கெடா பின்னால போறது எதுக்கு கேப்டன்? முட்டத்தானே” என்றாள் ஸென்ஸி.

செப்டம்பர் போயிற்று, நவம்பர் போயிற்று. கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வந்தவர்கள் மாடியேறிச் சாப்பிட்டுவிட்டு, “என்ன அழகான பழைய வழக்கம்!” என்று படம் பிடித்துப் போனார்கள். ஸென்ஸி இளைத்துப் போனாள்.

டிசம்பர் 28 காலை பத்து மணிக்கு மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் முத்திரையும் மைப்பெட்டியுமாக வந்தாள். குளிருக்காகக் கீழ்த்தளத்தில் கணப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், அங்கே மிச்சமிருந்தது அந்தப் பெஞ்சு ஒன்றுதான். ஸென்ஸி காகிதத்தை மூன்று தடவை படித்தாள். என்னைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றியபோது ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது.

கேப்டன் பிற்பாடு சொன்னது இது. ஊருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது கப்பல் ஆற்றை விட்டு மேலே ஏற ஆரம்பித்தது. தண்ணீர் கீழேயே இருந்தது, கப்பல் மட்டும் பால் பொங்குவதுபோல் மெதுவாக ஏறியது. அதனோடு பதினோரு அன்னங்களும் சில வாத்துகளும் ஒரு மிதக்கும் மரக்கட்டையும் ஏறின. சுக்கான் பிடித்தது, இயந்திரம் ஓடியது. அலுமினியச் சுவரை அரை மீட்டர் இடைவெளியில் தாண்டியபோது ஆற்றுப் போக்குவரத்து அலுவலகம் வானொலியில் கூப்பிட்டது.

“ஓட்டிலியா, எங்க இருக்கீங்க?”

“ஊருக்குள்ள.”

“ஆழம் எவ்வளவு?”

“ஆழம் இல்ல.”

“தரை தட்டிருச்சா?”

“இல்லீங்க, மெதக்குது.”

மறுமுனையில் “சரி, மெதந்தா சரி” என்று எழுதிக்கொண்டார்கள்.

மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஓஹையோக்காரர் ஒருவர் ரொட்டிக்கடையின் கூரையைக் கீழே குனிந்து பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: “பாத்தியா, ஊருக்கு நடுவுலயே கொண்டுபோய் எறக்குவோம்னு அவன் விளம்பரத்துலயே போட்டிருந்தான். நீதான் நம்பல.” தெருவில் இருந்தவர்கள் தலைக்கு மேலே கப்பலின் அடிப்பாகத்தையும் சுழலும் விசிறிகளையும் பார்த்தார்கள். யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை, ஓட்டோகர் மட்டும் குனிந்தார். “கயித்த எதுலடா கட்டறது?” என்று அவர் கத்த, முன்கயிற்றை விடுதியின் இரும்புக் கெண்டைமீன் பலகையிலும் பின்கயிற்றை லிண்டன் மரத்திலும் கட்டினார்கள். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் தொடவேண்டிய கோடு சரியாக 2018 குறிக்கு நேராக வந்து அமர்ந்திருந்தது.

மேலே சுவரில் பொத்தென்று முட்டிய சத்தம் கேட்டு ஸென்ஸி பேனாவைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். நானும் ஓடினேன். ஜன்னலைத் திறந்தால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேப்டன் ஸிலார்ட் எதிரே நிற்கிறார். ஏணிப்பாலம் ஜன்னல் கட்டையில் வைத்தாகிவிட்டது.

“அம்மா, நூத்தி இருபத்தாறு பேரு. எறக்கலாமா?”

“என் படுக்கையறை வழியா வரணுமே கேப்டன்!”

“அதெல்லாம் பழகினவங்கதான். கூட்டமான துறையில மூணு கப்பல வரிசையா கட்டுவோம், அடுத்தவன் கப்பலுக்குள்ள பூந்துதான் கரைக்குப் போவாங்க.”

“அப்ப கால தொடச்சிட்டு வரச் சொல்லுங்க” என்றாள் ஸென்ஸி.

ஒவ்வொருவரும் கப்பல் வாசல் பலகையிலிருந்து, திரும்பி வந்ததும் மாட்டவேண்டிய தன் அறை எண் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கி, ஸென்ஸியின் கட்டிலைச் சுற்றி, “குட்மார்னிங், அழகான போர்வை” என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனார்கள். எட்டு மாசமாக மாடியில் அடுக்கி வைத்த மேஜைகள் சரியாக அந்தக் கூட்டத்துக்குப் போதுமாக இருந்தன. ஸென்ஸி முதலில் வந்தவரின் காலணியைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் காய்ந்திருந்தன. அவள் சூப் கரண்டியை என் கையில் திணித்துவிட்டுக் கீழே ஓடினாள்.

ஒரு பத்து பேருக்கு ஊற்றிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். கீழ்த்தளத்தில் வெளிச்சம் பச்சை பாட்டிலுக்குள் இருப்பதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு அன்னத்தின் இரண்டு கறுத்த கால்கள் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. ஸென்ஸி கணப்பின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். சூடாக இருந்தது. ஒரு மூலைகூட ஈரமில்லை. கடைசி ஓட்டைத் தொட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அல்போன்ஸ் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அலுவலகப் பெண் கண்ணீர் விழாதபடி காகிதங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“மேடம், ஒரு சந்தேகம். இப்ப வெள்ளம் வந்துச்சா, வரலையா? இங்க ‘ஆமாம்’, ‘இல்லை’ன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு.”

ஸென்ஸி இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மூக்கைத் துடைத்தாள். “வந்துருச்சு. மேல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கு. நீயும் வா, சாப்பிடு.”

காரமான மாட்டிறைச்சி சூப், அதன்பிறகு உறையவைத்த ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்து உருட்டிய கொழுக்கட்டை. நூற்று இருபத்தாறு பேரும் கேட்டுக் கேட்டுத் தின்றார்கள். பன்னிரண்டரைக்கு ஓட்டோகர் கீழேயிருந்து கத்தினார். அவர் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார், கப்பல் அதிலிருந்து நான்கு விரல் இறங்கியிருந்தது. பயணிகளை அவசரமாக ஏற்றினார்கள். எல்லோரும் ஏறியபிறகு பார்த்தால் அட்டைப்பலகையில் ஒரு அட்டை குறைகிறது. 217-ஆம் அறை. எண்பத்து மூன்று வயது லோர்னா அம்மாள், கனடாக்காரர். கப்பல் இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது. ஒரு ஆளை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பாது, அது அவர்கள் சட்டம். கிளம்பாவிட்டால் நூற்றுப் பத்து மீட்டர் கப்பல் எங்கள் சதுக்கத்தில் உட்கார்ந்துவிடும், பிறகு அதை எடுக்க இன்னொரு குறிதான் வெட்ட வேண்டும். ஸென்ஸி மாடியில் ஒவ்வொரு அறையாகத் தேடினாள். கேப்டன் இன்னொரு தடவை தலைகளை எண்ணினார்.

அப்போது லிண்டன் மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

“ஸென்ஸி! கணப்புப் பக்கம் ஒரு அம்மா தூங்குறாங்க. ஜன்னல்ல தெரியுது.”

“அப்ப தூக்கிட்டு வாடா!”

“நான் உள்ள வரலாமா?”

ஊரே தலையில் அடித்துக்கொண்டது. எட்டு மாசம் ரொட்டி தின்றவன், அந்த நேரத்திலும் வாசற்படியை மிதிக்காமல் நின்றுகொண்டு கேட்கிறான்.

“வாடா எருமை, வந்து தொலை!” என்றாள் ஸென்ஸி.

இக்னாஸ் லோர்னா அம்மாளைக் கல்லறைக்கல்லைத் தூக்குவதுபோல் முதுகில் ஏற்றி, மூச்சிரைக்கப் படியேறி, ஜன்னல் வழியாகக் கேப்டன் கையில் இறக்கினான். ஏணிப்பாலம் அதற்குள் சறுக்குமரம்போல் சாய்ந்துவிட்டது. அம்மாள் கண் விழித்து, “இது எந்த ஊரு?” என்றார். சொன்னார்கள். “இங்க முதுகுவலி போயிடுச்சு. எழுதி வெச்சுக்கணும்” என்றார். கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் சுவரில் ஒரு நீண்ட நீலக் கீறல் போட்டுக்கொண்டு நகர்ந்து, லிண்டன் மரத்தில் ஒரு கிளையை முறித்து, அலுமினியச் சுவரை ஒரு விரல் இடைவெளியில் தாண்டி ஆற்றில் போய் உட்கார்ந்தது. அன்னங்களில் ஒன்று மட்டும் ரொட்டிக்கடைக் கூரையில் மாட்டிக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டோகர் ஏணி போட்டு இறக்கினார்.

அலுவலகப் பெண் மூன்று மணிப் பேருந்துக்குக் கிளம்பினாள். ஸென்ஸி பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். “நான் எங்கயும் போகல. வரவேண்டியது வந்துட்டுப் போயிருச்சு” என்றாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கட்டங்களுக்கும் பக்கத்தில் கையால் மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்து, அதில் டிக் அடித்து, முத்திரையும் குத்தினாள். அப்படிப்பட்டவர்கள் அலுவலகத்துக்கு ஒருவர் இருந்தால் போதும்.

படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் இக்னாஸ். ஸென்ஸி அவன் முன்னால் சூப் கிண்ணத்தை வைத்தாள். வருஷம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அவன் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“சாப்பிடு. ஆறிடப் போவுது” என்றாள்.

டிசம்பர் 31 பகல் வெளிச்சத்தில் ஸென்ஸி மாடி ஜன்னலிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டு, நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, 2018-க்குச் சிவப்பு வண்ணம் நிரப்பினாள். சேறு அள்ளாமல் வண்ணம் அடித்த முதல் ஆள் எங்கள் ஊரில் அவள்தான். இக்னாஸ் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 1501-ஐயும் வெட்டிக் கொடுத்தான். இப்போதெல்லாம் எந்த வேலைக்குப் போனாலும் வெட்டவேண்டிய ஆண்டை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் போகிறான். ஜனவரியில் மேஜை நாற்காலி, பீப்பாய், மான்கொம்பு எல்லாம் கீழே இறங்கின.

மனுஷன் ஆசைக்கு அளவேது? 2019 வசந்தத்தில் ஊராட்சி கூடி, அதே உயரத்தில் அந்த வருஷத்தையும் வெட்டிவிடலாம் என்று தீர்மானம் போட்டது. காய்ந்த வெள்ளம் வந்தால் நனைந்த வெள்ளம் வராது, ஊருக்குப் பெயரும் கிடைக்கும் என்று கணக்கு. இந்த முறை பதிமூன்று பேரும் ஒரே பக்கம். இக்னாஸ் ஏணியோடு வந்தபோது ஸென்ஸி இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள்.

“தெரியாம செஞ்சான், காஞ்சு வந்துச்சு. தெரிஞ்சு செஞ்சா நனஞ்சுதான் வரும். ஏணியத் தூக்கிட்டுப் போங்கடா.”

போய்விட்டார்கள். அவள் சொன்னதில் இருந்த நியாயம் பதிமூன்று பேருக்கும் புரிந்தது.

2024 செப்டம்பரில் உண்மையான தண்ணீர் வந்தது. பாலத்தடியை முட்டிக்கொண்டு பழுப்பாக ஓடியது, கப்பல்கள் வியன்னாவிலேயே நின்றுவிட்டன. ஓட்டோகர் விடிய விடியப் பலகை அடுக்கினார். நான் ஸென்ஸிக்கு உதவலாம் என்று ஓடினேன். அவள் கீழ்த்தளத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கதவுகூடக் கழற்றவில்லை. தண்ணீர் மூன்றாவது பலகை வரை ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கியது. ஊருக்குள் வரவில்லை. அதனால் அந்த ஆண்டுக்குக் குறி இல்லை.

நான் இன்னும் நான்காம் எண் மட்டையோடு அந்தச் சுவருக்குக் கீழே நிற்கிறேன். அந்த வருஷம் இவ்வளவு தண்ணீரா என்று பயணிகள் கேட்பார்கள். தண்ணீர் இல்லை, கப்பல் மட்டும்தான் வந்தது என்று சொல்லி நீலக் கீறலைக் காட்டுவேன். படம் பிடித்துக்கொள்வார்கள். குளிர்நாளாக இருந்தால் உள்ளே அழைத்துப்போவேன். கணப்பின் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் முதுகைச் சாய்த்து உட்காரலாம், தூங்கவும் செய்யலாம். ஈரமான மேலங்கியோடு மட்டும் உட்காரக் கூடாது. அது ஸென்ஸியின் உத்தரவு.